‘ஜாக்’ என்னும் சொல்லும் கொல்லிப் பலாவும்

பிறமொழி புகுந்த தமிழ்ச் சொற்களைத் தொகுப்போர் சிலர், பலாவைக் குறிக்கும் ‘ஜாக்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் அத்தொகையுட் சேர்ப்பர். இக்கொள்கை எத்துணைப் பொருந்துமென ஈண்டு ஆராய்வாம்.

கொல்லிமலையின் அரியூர் நாடு முதலிய மலைநாடுகள் பலாவளம் மிக்கவை. அகநானூறும் கொல்லியைப் பலாவொடு சேர்த்தே பாடுகின்றது. ஆயின், அங்கு வழங்கும் பெயர் பலவு என்பதே. அது பிற்காலத்துப் பலா என நின்றது. இவற்றினின்று ‘ஜாக்’ பிறத்தற்கு ஒலிநெறி சிறிதும் இடந்தராது.

மேலைநாட்டார் குறிப்புகள் வேறு வழி காட்டுகின்றன. 14ஆம் நூற்றாண்டிற் கொல்லத்தோடு தொடர்புற்ற பாதிரியார் ஜோர்டானஸ், இக்கனியைச் ‘சக்கி’ என்னும் ஒலிபட எழுதினார். 1563இல் கோவாவில் அச்சான நூலில் கார்சியா ட ஓர்டா இதனை ‘ஜாக்கா’ என்றார். போர்த்துக்கேசியரின் அவ்வடிவமே ஆங்கிலத்தில் ‘ஜாக்’ எனக் குறுகிற்று. மலையாளத்தில் இக்கனி ‘சக்க’ எனப்படும். ஆதலின் மூலம் அதுவே என்பது தெளிவு. ஆட்பெயராகிய ‘ஜாக்’கிற்கும் இதற்கும் பிறப்புறவு இல்லை.

குமரிநாட்டுத் தமிழிலும் ‘சக்கை’ பலாவைக் குறிக்குமே எனின், குறிக்கும். ஆயினும் பெயரை எழுதிவைத்தோர் கேட்டது மேலைக்கடற் கரையிலாதலின், அதுகொண்டு தமிழே நேர்மூலம் எனல் சாலாது. இருமொழிக்கும் பொதுவாகிய திராவிட வேரினது எனின் அமையும்.

இனி, கி.பி. 79இல் மறைந்த பிளினி, ‘பாலா’ என்றோர் இந்திய மரத்தைக் கூறினார். அதன் கனி மரப்பட்டையினின்று தோன்றும் என்பதும், ஒன்றே நால்வர்க்குப் போதும் என்பதும் பலாவிற்குப் பொருந்தும். மூன்று முழ நீள இலை என்பதோ வாழைக்கே ஏற்கும். ஈரிடத்துச் செய்திகள் ஒன்றாகக் கலந்தன போலும். ஆகவே ஒலியொப்புமை ஒன்றே பற்றி அதனைப் பலா எனத் துணிதலும் தகாது.

பொருள் சிறக்க விளையும் இடம் வேறு. அதன் பெயர் கப்பலேறும் இடம் வேறு. சீனத்துத் தேயிலை கடல்வழிச் சென்ற நாடுகளில் ‘டீ’ எனவும், தரைவழிச் சென்ற நாடுகளிற் ‘சாய்’ எனவும் வழங்குதல் இதற்குச் சான்று. கொல்லிப் பலா மலையிலிருந்தது. சக்கயின் பெயர் துறைமுகத்திலிருந்தது. நமதல்லாத ஒரு சொல்லை நமதென்றல், இஞ்சி, கட்டுமரம் போல உரிமை நாட்டத்தக்க சொற்களின் சான்றையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். தமிழின் பெருமைக்கு மெய்ச்சான்றே அரண் என்பது எம் துணிபு.