றிக்காடோவின் நான்கு எண்கள்

உயர்தர வகுப்பிற் பொருளியல் பயிலும் மாணவர் ஒரு சிறிய அட்டவணையைத் தாண்டியே பரீட்சை மண்டபத்துக்குச் செல்கின்றனர். அதிலே இரண்டு நாடுகள், இரண்டு பண்டங்கள், நான்கு எண்கள். குறிப்பிட்ட அளவு துணியை ஓராண்டில் ஆக்க இங்கிலாந்துக்கு 100 பேரின் உழைப்பு வேண்டும். திராட்சை மதுவுக்கு 120 பேர் வேண்டும். போர்த்துக்கலுக்கோ துணிக்கு 90 பேரும் மதுவுக்கு 80 பேரும் போதும். இரண்டிலும் போர்த்துக்கலே வல்லது. ஆயினும் அது மதுவை மட்டும் ஆக்கி அனுப்பித் துணியை இங்கிலாந்திடம் பெறுமாயின், 90 பேர் நெய்யவேண்டிய துணி 80 பேரின் உழைப்புக்குக் கிடைக்கும். இங்கிலாந்துக்கும் 120 பேரின் மது 100 பேரின் உழைப்புக்குக் கிட்டும். டேவிட் றிக்காடோ 1817இல் வெளியிட்ட அரசியற் பொருளாதார நூலின் ஏழாம் அத்தியாயத்தில் வரும் கணக்கு இது. ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு என இன்று போதிக்கப்படுவதன் வித்தும் இதுவே.

கணக்கிற் பிழையில்லை, இதனை முதலிலேயே கூறிவிடுவது நேர்மை. றிக்காடோ மக்கள் விரோதியுமல்லர். 1815ஆம் ஆண்டின் தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமை ஒரு குவாட்டர் 80 ஷிலிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமை சந்தைக்கு வரலாகாது என்று விதித்தது. ஏழையின் பாணிலே நிலப்பிரபுக்கள் தமது வாரத்தை அறவிட்டனர். அதனை றிக்காடோ துணிந்து எதிர்த்தார். இத்தனைக்கும் 1814இற் பண்ணை வாங்கித் தாமும் நிலவுடைமையாளராகியிருந்தவர் அவர். எனினும் அவர் நோக்கிய பயன் எது என்பதையும் மறத்தலாகாது: பாண் மலிந்தாற் கூலி தாழும், கூலி தாழ்ந்தால் இலாபம் உயரும். நிலப்பிரபுவுக்கு எதிராக ஆலை முதலாளியின் பக்கத்தில் நின்ற அறிஞர் அவர். அக்காலத்தில் அது முன்னேற்றத்தின் பக்கமாகவும் இருந்தது.

நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. எண்கள் கற்பனை, அது தெரிந்ததே. ஆனால் நாடுகள் கற்பனையல்ல. ஆயிரம் பண்டங்கள் இருக்கத் துணியும் மதுவும் ஏன் வந்தன? இங்கிலாந்துக்கும் போர்த்துக்கலுக்குமிடையே 1703 டிசெம்பரில் மெதுவென் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இங்கிலாந்து பிரான்சுடன் போர்புரிந்து கொண்டிருந்த காலம் அது. போர்த்துக்கல் ஆங்கிலக் கம்பளித் துணிக்குத் தன் கதவைத் திறந்தது. போர்த்துக்கேய மதுவுக்குப் பிரெஞ்சு மதுவிலும் மூன்றிலொரு பங்கு குறைந்த தீர்வை விதிக்க இங்கிலாந்து இசைந்தது. அதற்கு முன்னரே, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எரிசெய்ராப் பிரபு என்னும் அமைச்சர் தம் நாட்டு நெசவுத் தொழிலை வளர்க்க முயன்றிருந்தார். அம்முயற்சி நிலைத்திருந்தாற் போர்த்துக்கேய நெசவாளன் எங்கே நின்றிருப்பான் என்பதற்கு அட்டவணையில் இடமில்லை. துணிக்கு 90 என்று எழுதப்பட்ட நாட்டில் அத்தொழில் ஏன் தளர்ந்தது என்று மாணவன் கேட்பதுமில்லை.

இன்னுமொன்று. வந்த துணிக்கு ஈடுசெய்ய அனுப்பிய மது போதவில்லை. எஞ்சிய கடனைத் தீர்த்தது பிறேசிலின் தங்கம். மினாஸ் ஜெராயிஸ் மாகாணத்தில் அத்தங்கத்தை அகழ்ந்தோர் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட அடிமைகள். றிக்காடோவின் அட்டவணை உழைப்பைக் கொண்டே அனைத்தையும் அளக்கிறது. இவர்களின் உழைப்புக்கோ அதிலே ஒரு கட்டந்தானும் இல்லை.

கட்டற்ற வர்த்தகத்தை உலகுக்குப் போதித்த இங்கிலாந்து தான் வளர்ந்த வழி யாது? கீழைத்தேய அச்சிட்ட பருத்தித் துணிகளை உள்நாட்டுப் பாவனைக்கு இறக்குவதை 1700இற் பாராளுமன்றம் தடுத்தது. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையே பெரும்பாலும் தடைசெய்தது. இந்திய நெசவாளனின் கைத்திறனுக்கு அஞ்சி எழுப்பிய அம்மதிலின் நிழலிலேதான் லங்காஷயரின் பருத்தித் தொழில் வேர்கொண்டது. இயந்திர வலிமை வந்தபின் 1846இலே தானியச் சட்டமும் 1849இலே கப்பற் சட்டங்களும் நீக்கப்பட்டன. அப்போதும் எல்லோருக்கும் ஒரே நீதி கிடைத்ததெனக் கொள்ளவேண்டாம். 1896இல், லங்காஷயர் முதலாளிகளின் வற்புறுத்தலால், இந்திய ஆலைத் துணிமீது மூன்றரைச் சதவீத உற்பத்தி வரி சுமத்தப்பட்டது. அது தொலைய 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏணியில் ஏறியவர் பின்வருவோர்க்கு அதனை உதைத்துத் தள்ளுகின்றனர் என்று ஜேர்மானியரான பிரீட்ரிஷ் லிஸ்ற் 1841இலேயே சாடியது வீண்பழியன்று.

ஆயினும் றிக்காடோவின் மீது நமக்கு மதிப்பு மேலோங்குவதும் அதே ஏழாம் அத்தியாயத்திலேதான். மூலதனம் நாடுவிட்டு நாடு தடையின்றிச் செல்லுமாயின், துணியையும் மதுவையும் சேர்த்துப் போர்த்துக்கலிலேயே ஆக்குவது இலாபமாகும் என்று அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். மூலதனக்காரர் தாய்நாட்டை விட்டகலத் தயங்குவர் என்ற எடுகோளின்மீதே கணக்கு நிற்கிறது. அத்தயக்கம் குன்றுவதைக் காணத் தாம் வருந்துவதாகவும் எழுதினார். வகுப்பறைக் குறிப்புகளில் நான்கு எண்களும் தப்பாமல் வருகின்றன. இந்தப் பக்கம் மாத்திரம் உதிர்ந்து விடுகிறது. 1978இற் கட்டுநாயக்கவில் திறக்கப்பட்ட வர்த்தக வலயத்துக்குத் தயக்கம் ஏதுமின்றியே அந்நிய மூலதனம் வந்தது. அங்கு தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண் கூலி கூடிய நாட்டுக்குச் செல்ல விரும்பினால், விசாவுக்காக வரிசையில் நிற்க வேண்டும். பண்டத்துக்கும் பணத்துக்கும் திறந்த கதவு உழைப்பவருக்கு மூடியே கிடக்கிறது.

இதனாற் காப்பு வரி எல்லாம் முற்போக்கானது என்று முடிவுகட்டுவோரோடும் நாம் உடன்படோம். 1848 ஜனவரியில் பிறசல்ஸ் நகரிலே கட்டற்ற வர்த்தகம் பற்றிப் பேசிய மார்க்ஸ், அந்தச் சுதந்திரம் மூலதனத்தின் சுதந்திரமே என்று தோலுரித்தார். ஆயினும் காப்புக் கொள்கை பழமையைப் பேணுவது, கட்டற்ற வர்த்தகமோ பழைய அமைப்பின் தகர்வை விரைவுபடுத்துவது என்று கூறி இரண்டாவதற்கே வாக்களித்தார். நம் தோழர் சிலர் இவ்வுரையின் முற்பாதியோடு நின்றுவிடுகின்றனர்.

இலங்கையின் அனுபவமும் ஒருமுகமானதன்று. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயத் தோட்டங்கள் செழித்தன, கல்வீடுகள் எழுந்தன. அதே ஆண்டுகளில் நகரத்து ஏழை பாணுக்கு வரிசையில் நின்றான். 1974இல் மலையகத் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வடக்கின் விவசாயியும் மலையகத்துத் தொழிலாளியும் தமிழரே. ஒரே தடை ஒருவரின் களஞ்சியத்தை நிரப்பியபோது மற்றவரின் பானை வெறுமையாயிற்று. 1977இன் பின்னர் கதவு திறந்ததும், வெளியிலிருந்து வந்த மிளகாயும் வெங்காயமும் வடபகுதி விவசாயியின் விலையை வீழ்த்தின. இந்நட்டத்தை நான்கு எண்களுள் எதனோடு கூட்டுவது என்று மாணவன் எழுந்து கேட்பானாயின், ஆசிரியர் அவனை அமர்த்திவிடாமல் ஏழாம் அத்தியாயத்தை உதிர்ந்த பக்கத்தோடு சேர்த்து வாசித்துக் காட்டுவாரா?