மாதிரியின் மாதிரி: எண்டர்பிரைஸ் விண்கலக் கட்டுமானமும் துல்லிய வேட்கையும்

1966 செப்டம்பர் முதல் 1969 ஜூன் வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 79 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலத்தைச் சிற்றளவில் கட்டி வண்ணமிடும் பழக்கம் அரை நூற்றாண்டைக் கடந்தும் தளராமல் தொடர்கிறது. அளவுமாதிரி என்பது மூலப்பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. போர் விமானத்தையோ கப்பலையோ அவ்வாறு கட்டுபவருக்கு ஐயம் எழுந்தால் சென்று பார்க்க எங்கோ ஒரு மெய்யான விமானமோ கப்பலோ, குறைந்தது அதன் வரைபடமோ இருக்கும். எண்டர்பிரைஸைக் கட்டுபவருக்கு அத்தகைய ஒற்றை மூலம் கிடையாது. படப்பிடிப்புக்காகச் செய்யப்பட்ட மாதிரி, தொலைக்காட்சித் திரையில் தெரிந்த பிம்பம், கதைக்குள் பறக்கும் 289 மீட்டர் நீளக் கற்பனைக் கலம் என மூன்று மூலங்கள் அவர் முன் நிற்கின்றன, அவை மூன்றும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதும் இல்லை. இந்தப் பழக்கத்தின் உயர்வும் தாழ்வும் மூன்றில் எதைக் கட்டுகிறோம் என்பதைக் கட்டுநர் தெளிந்திருக்கிறாரா இல்லையா என்பதிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றன.

மூன்றில் கையால் தொடக்கூடியது படப்பிடிப்பு மாதிரி மட்டுமே. விமானவியல் ஓவியராகவும் பணியாற்றிய மாட் ஜெஃப்ரிஸ் வரைந்த வடிவத்தை ரிச்சர்ட் டேட்டின் முதலில் 33 அங்குல மாதிரியாகச் செய்து காட்டினார். அது ஏற்கப்பட்ட பின், கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில் வோல்மர் ஜென்சன் நடத்திய பட்டறையில் பாப்லர் மரம், சூடாக்கி வடிவமைத்த பிளாஸ்டிக், உலோகத் தகடு ஆகியவற்றைக் கொண்டு 11 அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் பெரிய மாதிரி உருவாகி, 1964 டிசம்பர் இறுதியில் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அதில் விளக்குகள் இல்லை. தொடருக்கு ஒப்புதல் பெற எடுத்த முதல் முன்னோட்டப் படத்துக்குப் பிறகு இரண்டாவது முன்னோட்டத்துக்காக ஒருமுறையும், தொடர் தொடங்கியபோது இன்னொரு முறையும் அது திருத்தப்பட்டது: உடலின் முன்முனையிலுள்ள கிண்ண வடிவ உறுப்பு சிறிதாயிற்று, கலத்தின் மேலுள்ள வட்டத் தட்டின் நடுவிலுள்ள குமிழ் தாழ்ந்தது, இரு என்ஜின் குழல்களின் முன்முகங்களில் சுழலும் ஒளி வந்தது, பின்முகங்களில் உருண்டைகள் பொருத்தப்பட்டன. ஆகவே ‘எண்டர்பிரைஸ் மாதிரி’ என்ற ஒரே பெயர் ஒரு பொருளின் மூன்று பருவங்களைக் குறிக்கிறது. கட்டுநர் கூட்டத்தில் முதல் முன்னோட்டக் கலம், இரண்டாம் முன்னோட்டக் கலம், தொடர்க் கலம் என்று பிரித்துப் பேசுவது இதனால்தான்.

திரையைச் சான்றாகக் கொள்பவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. தொடரின் தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க முன்னோட்டப் படங்களுக்காக எடுத்த காட்சிகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், ஒரே பகுதியில் ஒரு காட்சியில் உருண்டை பொருத்திய கலமும் அடுத்த காட்சியில் உருண்டை இல்லாத கலமும் வந்துபோகும். ஹோவர்ட் ஆண்டர்சன், ஃபிலிம் எஃபெக்ட்ஸ் ஆஃப் ஹாலிவுட், வெஸ்ட்ஹைமர், வான் டெர் வீர் எனப் பல தந்திரக்காட்சி நிறுவனங்கள் பணியைப் பகிர்ந்துகொண்டன. நீலத்திரையின் முன் மாதிரியைப் படமெடுத்துப் பின் விண்மீன் பின்னணியோடு சேர்க்கும்போது நீல ஒளி மாதிரியின் மேல் படிந்தது, ஒவ்வொரு படிக்கும் படச்சுருள் மறுபடி அச்சிடப்பட்டதால் நிறமும் நகர்ந்தது. விளைவாக, ஒரே சாம்பல் வண்ணம் பூசிய கலம் ஒரு காட்சியில் நீலமாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் மற்றொன்றில் வெள்ளையாகவும் தெரிகிறது. 2006 முதல் அக்காட்சிகள் கணினியால் புதிதாக உருவாக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டன. அதன்பின் தொடரை முதன்முறையாகப் பார்த்த தலைமுறையின் நினைவில் இருப்பது மரமும் பிளாஸ்டிக்குமான மாதிரி கூட அன்று. ‘திரையில் கண்டபடியே’ என்று விளம்பரப்படுத்தப்படும் வண்ணக் குப்பிகளின் உரிமைகோரல், எந்தத் திரை, எந்தக் காட்சி என்று கேட்ட மாத்திரத்தில் ஆட்டம் கண்டுவிடுகிறது.

இத்தனை குழப்பமும் பழக்கத்துக்குக் கேடு விளைவித்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் தலையாய சிறப்பு இதிலிருந்தே முளைத்தது. மூலம் தெளிவாக இல்லாததால் கட்டுநர்கள் ஆய்வாளர்களாக வேண்டியிருந்தது. பாரமவுண்ட் நிறுவனம் 1974இல் பெரிய மாதிரியை ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளிப்பதற்கு முன், 1972இல் கலிஃபோர்னியாவின் கோல்டன் வெஸ்ட் கல்லூரியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது; அங்கே பார்வையாளர்கள் எடுத்த ஒளிப்படங்கள் பின்னர் கட்டுநர்களிடையே ஏட்டுச்சுவடிபோல் படியெடுக்கப்பட்டு உலவின. அடுத்தடுத்த பழுதுபார்ப்புகளால் மாதிரியின் மேற்பரப்பு மாறிவிட்டிருந்த நிலையில், 2014இல் அதை மீண்டும் சீரமைக்கத் தொடங்கிய அருங்காட்சியகம், பழைய ஒளிப்படங்களும் படச்சுருள்களும் வைத்திருப்போர் தந்துதவுமாறு பொதுமக்களையே கேட்டுக்கொண்டது. பல ஆண்டுகளாக மாதிரியின் அளவுகளை நுணுகி ஆராய்ந்த கட்டுநர்களின் அறிவும், தந்திரக்காட்சித் துறையில் தேர்ந்த கைவினைஞர்களின் பயிற்சியும், பாதுகாப்பு வல்லுநர்களின் முறைமையும் ஒன்றுகூடிய பின்பே 2016இல் அம்மாதிரி தொடர்க் காலத் தோற்றத்தோடு மக்கள் பார்வைக்கு வந்தது. ஒரு பொழுதுபோக்கு, தன் மூலப்பொருளைக் காப்பதற்கே சான்று வழங்கும் அளவுக்கு வளர்ந்தது பெரிய பேறு. இப்பழக்கத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

இனிக் குறைகள். அவற்றுள் முதன்மையானது, விவரம் மிகுந்தால் உண்மை மிகும் என்ற நம்பிக்கை. இதற்குத் தட்டின் மேலுள்ள கோடுகளே நல்ல சான்று. எண்டர்பிரைஸின் வட்டத் தட்டில் மையத்திலிருந்து விரியும் ஆரக்கோடுகளும் அவற்றைக் குறுக்கிடும் வட்டங்களும் உண்டு. ஆனால் படப்பிடிப்பு மாதிரியில் அவை வெறும் பென்சில் கோடுகள், தொலைக்காட்சியில் கண்ணுக்கே புலப்படாதவை. பழுதுபார்ப்பை உள்ளிருந்தே செய்யும் கலத்துக்கு வெளிப்பரப்பு வழவழப்பாகவே இருக்க வேண்டும் என்பது ஜெஃப்ரிஸின் கருத்து. ஆயினும் 1966இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிடத் தொடங்கிய கிட்டில், அதாவது ஒட்டிக் கட்டுவதற்கான உதிரிப்பாகத் தொகுப்பில், கோடுகள் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டன. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கேடு விளங்கும். அந்தக் கிட் ஏறத்தாழ 1/650 அளவு, அதில் 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோடு, கற்பனைக் கலத்தில் 13 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளவாகும். 1/1000 அளவுள்ள சிறிய கிட்டில் அதே கோடு 20 சென்டிமீட்டர். விண்வெளிக் கலத்தின் உடலில் கை நுழையும் இடைவெளிகள்! நுண்மை சேர்ப்பதாக எண்ணிச் சேர்த்த ஒன்று, கலத்தின் பெருமையைக் குறைத்து அதைப் பொம்மையாக்கிவிடுகிறது. இந்தத் தவறு கட்டுநர்களோடு நிற்கவில்லை. 1991–92இல் பெரிய மாதிரியே சீரமைக்கப்பட்டபோது உடலெங்கும் கட்டங்களும் நிழல்களும் அழுத்தமாகத் தீட்டப்பட்டுப் பெரும் விவாதம் எழுந்தது. அப்போது தொடப்படாமல் தப்பியது தட்டின் மேற்புறம். அங்கே எஞ்சிய 1960களின் வண்ணமே 2016ஆம் ஆண்டுச் சீரமைப்புக்கு அடிப்படைச் சான்றாயிற்று என்பதை எண்ணும்போது, ஒன்றைச் செய்யாமல் விடுவதும் கைத்திறனின் ஒரு பகுதி என்பது புலனாகும்.

ஏ.எம்.டி. கிட்டைக் குறைகூறி மட்டும் நகர்ந்துவிட முடியாது. 1967இல் ஒளிபரப்பான ‘தி டூம்ஸ்டே மெஷின்’ பகுதிக்குச் சிதைந்த விண்கலம் ஒன்று தேவைப்பட்டபோது, தயாரிப்புக் குழுவினர் அந்தக் கிட்டையே வாங்கிக் கட்டி, உருக்கிக் கருக்கி, 1701 என்ற பதிவெண்ணின் இலக்கங்களை இடம்மாற்றி 1017 என ஒட்டி, கான்ஸ்டலேஷன் என்ற கலமாகத் திரையில் காட்டினர். கடையில் விற்ற படி அங்கே மூலமாகிவிட்டது. கான்ஸ்டலேஷனைத் துல்லியமாகக் கட்ட விரும்புபவர் அந்தக் கிட்டின் பிழைகளையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். எண்டர்பிரைஸைக் கட்ட விரும்புபவரோ அதே பிழைகளைத் திருத்த வேண்டும். துல்லியம் என்பது பொருளில் உறைவதன்று, பொருளுக்கும் தெரிந்துகொண்ட மூலத்துக்கும் இடையிலான உறவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

பழைய கிட்டின் பெயர்பெற்ற பலவீனம் என்ஜின் குழல்களின் சரிவு. மெல்லிய இரு தாங்குகைகள் உடலில் பதியும் பொருத்து ஆழமற்றது; நீண்ட குழல்களின் எடையால் அவை காலப்போக்கில் தொங்கிவிடும். அனுபவமுள்ளவர்கள் தாங்குகையின் உள்ளே பித்தளைக் கம்பி செலுத்தி, அட்டையில் வெட்டிய கோண அச்சால் இரு பக்கமும் நிறுத்தி, பசை முழுதும் இறுகும்வரை அசைக்காமல் வைப்பார்கள். பின்னால் வந்த கிட்கள், குறிப்பாக 2012இல் போலார் லைட்ஸ் பெயரில் வெளியான 1/350 அளவுள்ள, 80 சென்டிமீட்டருக்கு மேல் நீளும் பெரிய கிட், இத்தகைய சிக்கல்களைப் பெருமளவு தீர்த்தன. வடிவமும் பெரிய மாதிரியை நெருங்கியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனாலும் ஆராய்ச்சியும் தீர்மானமும் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டதால், கட்டுநரின் கைக்கு எஞ்சுவது குறிப்பேட்டைப் பின்பற்றுவது மட்டும் என்ற ஆபத்தும் உடன் வந்தது. முன்பு வடிவத்தைத் திருத்துவதில் செலவான உழைப்பு இப்போது கூடுதல் பாகங்கள் வாங்குவதில் செலவாகிறது; கிட்டின் விலையை அதற்கென விற்கும் உலோகத் தகடுகள், பிசின் வார்ப்புகள், விளக்குத் தொகுதிகள் ஆகியவற்றின் விலை விஞ்சுவதும் உண்டு.

கிட் எவ்வளவு சிறந்ததாயினும் கையின் பயிற்சியைக் கேட்கும் இடங்கள் மேற்பரப்பும் விளக்குமாகும். இரு பாதிகளாக வரும் குழலை ஒட்டிய இணைப்பில் புட்டி நிரப்பி, 400, 600, 1000 எண் உப்புத்தாள்களால் நீர்விட்டு வரிசையாகத் தேய்த்து, சாம்பல் பிரைமர் அடித்து, சாய்ந்த ஒளியில் பார்த்தால்தான் மிஞ்சிய பள்ளம் தெரியும். எண்டர்பிரைஸ் போல் மறைப்பதற்கு எந்த உறுப்பும் இல்லாத வழவழப்பான கலத்தில் மயிரிழைப் பள்ளமும் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். விளக்குப் பொருத்துவதானால் வேறு தொல்லை: பாலிஸ்டைரின் ஒளியைக் கடத்துவதால், உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன்மேல் ஒளியைத் திருப்பும் வெள்ளையும் பூசாவிட்டால் கலம் முழுவதும் காகிதக் கூடுபோல் ஒளிரும். எழுத்துகளும் எண்களும் டெக்கால்களாக, அதாவது நீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் மெல்லிய படலங்களாக, வருகின்றன. மங்கல் பரப்பில் நேரே ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மினுங்கும் என்பதால், முதலில் பளபளப்பு வார்னிஷ், பின் டெக்கால், அதை இளக்கும் திரவம், இறுதியில் மங்கல் வார்னிஷ் என்ற வரிசையை மாற்ற முடியாது. லேக்கர் வண்ணங்களின் ஆவியும் பிசின் தூசியும் நுரையீரலுக்குத் தீங்கானவை. முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத அறையில் இவ்வேலையைச் செய்வதை எந்த ஆர்வமும் நியாயப்படுத்தாது.

குழல் முகங்களின் ஒளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படப்பிடிப்பு மாதிரியில் பனிபடர்ந்தாற்போன்ற குவிமாடத்துக்குள் வண்ணச் சிறுவிளக்குகளும் கண்ணாடித் துண்டுகளும் இருக்க, அவற்றின் முன் இதழ்கள் கொண்ட சக்கரம் மோட்டாரால் சுழன்றது. விளக்குகள் ஒழுங்கின்றி மினுக்க, இதழ்களின் நிழல் மெதுவாகச் சுற்றியது. இன்றைய கட்டுநர்கள் எல்.இ.டி.களை வரிசையாக ஏற்றி அணைக்கும் மின்சுற்றால் இதைப் போலச் செய்கிறார்கள். நன்கு செய்யப்பட்டவை வியக்கவைக்கின்றன. பெரும்பாலானவையோ மிகையான வேகத்திலும் பிரகாசத்திலும் சுழன்று, பார்ப்பவரின் கண்ணை அந்த ஒரு புள்ளியிலேயே கட்டிப்போட்டு, கலத்தின் வடிவத்தை மறக்கச் செய்துவிடுகின்றன. மிகையான அழுக்குத் தீற்றலுக்கும் இது பொருந்தும். தட்டின் மேற்புறத்தில் எஞ்சிய பழைய வண்ணத்தில் தெரியும் தீற்றல்கள் மிக மெல்லியவை, ஒளிப்பதிவுக் கருவிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை அலமாரியில் ஓரடி தூரத்திலிருந்து பார்க்கும் மாதிரியில் இரட்டித்துப் பூசுவது மூன்று மூலங்களில் எதற்கும் உண்மையாக இருப்பதாகாது.

எந்த மூலம் என்ற கேள்வி தப்ப முடியாதபடி எழும் இடம் மாதிரியின் இடப்பக்கம். பெரிய மாதிரிக்கு விளக்குகள் பொருத்தப்பட்டபோது மின்கம்பிகள் இடப்புறம் வழியாக வெளியே கொண்டுசெல்லப்பட்டதால், அப்பக்கம் சன்னல்களும் குறிகளும் நிறைவு பெறாமல் விடப்பட்டது, படமெடுத்ததெல்லாம் வலப்பக்கத்தையே. கலம் எதிர்த்திசையில் செல்வதுபோல் காட்டவேண்டிய சில காட்சிகளுக்கு எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாற்றி ஒட்டிப் படச்சுருளைத் திருப்பிப் போட்டார்கள். 2016ஆம் ஆண்டுச் சீரமைப்பும் இடப்பக்கத்தை நிரப்பாமல் அப்படியே காட்டுகிறது. கிட்களோ வலப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தாற்போல் இடப்பக்கத்திலும் படைத்து நிறைவான கலத்தைத் தருகின்றன. கதைக்குள் பறக்கும் கலத்தைக் கட்டுபவருக்கு அது முற்றிலும் முறையே. இருபுறமும் சன்னல்கள் ஒளிரட்டும், கோடுகள் இல்லாமலும் போகட்டும். ஆனால் ‘படப்பிடிப்பு மாதிரிக்கு நேர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, பென்சில் கோட்டின் அழுத்தத்துக்காக மாதக்கணக்கில் வாதிட்ட பின், இடப்பக்கத்தில் எவரும் எக்காலத்திலும் பொருத்தாத சன்னல்களுக்கு விளக்கேற்றும் வேலை தன் அளவுகோலையே கைவிடுகிறது. அண்மைக் காலத்தில் சில கட்டுநர்கள் இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு, கம்பி வெளிவரும் துளையையும் தாங்குகோலையும் சேர்த்தே கட்டத் துணிந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் டேட்டினும் ஜென்சனின் பட்டறைத் தொழிலாளர்களும் செய்த வேலைதான் முதன்முறையாக அளவுமாதிரியின் பொருளாகிறது.