மோசமான அணி வேண்டாம், குலைந்த அணியைத் தேடுங்கள்

சனிக்கிழமை ராத்திரி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் மேசைக்கு ஒரு மேனேஜர் இருப்பார். பெரிய திரையில் லிவர்பூல் ஓடிக்கொண்டிருக்கும். “அவனை வித்திருக்கணும், இவனுக்கு ஏன் இன்னும் ரெண்டு வருஷம் கொடுத்தானுங்க” என்று தே தாரிக் ஆறும்வரை தீர்ப்பு சொல்வார்கள். அதே ஆளிடம் ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டை ஆடிப் பாருங்கள் என்றால், “ஐயோ, அது எக்ஸெல் கணக்கு மாதிரி” என்று கையை விரித்துவிடுவார். எனக்கு இதில் தீராத எரிச்சல். நீங்கள் வாரா வாரம் வாயால் ஆடும் ஆட்டம்தானே இது!

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1992இல் பால், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்று தொடங்கியது, 2004 முதல் ஃபுட்பால் மேனேஜர் என்ற பெயரில் வருகிறது. இதில் பந்தை நீங்கள் உதைப்பதில்லை. ஆளை எடுப்பது, விற்பது, ஒப்பந்தம் போடுவது, பயிற்சி, ஆட்ட வியூகம் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறமைக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. அதற்கு அடியில், இன்றைய தரம், எட்டக்கூடிய உச்சம் என்று 200க்குக் கணக்கிட்ட இரண்டு எண்கள் மறைந்திருக்கும். மலேசிய லீக் பல பதிப்புகளில் உண்டு. இவ்வளவு போதும், மற்றதெல்லாம் ஆட ஆடத் தெரியும்.

எந்த அணியை எடுப்பது? ஜேடிடியை எடுக்காதீர்கள். 2014 முதல் மலேசிய சூப்பர் லீக்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணியில் உங்களுக்கு என்ன வேலை? அப்படியானால் பட்டியலின் கடைசி அணியை எடுப்போம் என்பார்கள். அதுவும் தவறு. இங்கேதான் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

மோசமான அணி வேறு, குலைந்த அணி வேறு. மோசமான அணியில் ஆள் இல்லை, காசு இல்லை, அவ்வளவுதான். அங்கே ஆளைச் சேர்ப்பது ஒன்றுதான் வேலை. குலைந்த அணியில் ஆள் இருக்கும், சில சமயம் நல்ல ஆட்களே இருப்பார்கள். ஆனால் வயது ஒரு பக்கம் இழுக்கும், சம்பளம் ஒரு பக்கம், ஒப்பந்தம் ஒரு பக்கம். புள்ளிப் பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி சொல்கிறேன். ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நான்கே நான்கு பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்: வயது, சம்பளம், ஒப்பந்தம் முடியும் நாள், ஆடிய நிமிடங்கள். குலைந்த அணியாக இருந்தால் அந்தத் திரையே காட்டிக்கொடுக்கும். 33 வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர், அணியிலேயே அதிகச் சம்பளம், இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம், ஆடியது சொற்பம். அடுத்த வரியில் 22 வயதுப் பையன், எல்லா ஆட்டத்திலும் 90 நிமிடம், மிகக் குறைந்த சம்பளம், ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம். ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் அவன் வேறு கிளப்போடு தாராளமாகப் பேசலாம், உங்களுக்கு ஒரு வெள்ளிகூட வராது. முந்தைய மேனேஜர் என்னென்ன நினைத்து, எங்கெங்கே பயந்து, யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்த நான்கு பத்தியில் இருக்கிறது. எனக்கு இதைப் படிப்பதில் இருக்கும் சுகம் கோல் அடிப்பதில்கூட இல்லை.

உடனே பெரியவரை விற்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். 2018 பதிப்பிலிருந்து அணிக்குள் யாருக்குச் செல்வாக்கு என்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. ஆடாத அந்த 33 வயதுக்காரர்தான் அங்கே உச்சியில் இருப்பார். அவரை முதலில் அனுப்பினால் அவரைச் சுற்றியுள்ள கூட்டமே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். முதலில் பையனுக்குப் புது ஒப்பந்தம். பிறகு 27, 28 வயதில் ஒருவரை வளர்த்துத் தலைவராக்குங்கள். அதற்குப் பிறகு பெரியவரை மரியாதையோடு வழியனுப்புங்கள். இந்த வரிசை மாறினால் ஒரு பருவம் போச்சு.

யூடியூபில் ‘வாங்க வேண்டிய 50 இளம் புலிகள்’ என்று பட்டியல் போடுகிறார்களே, அதைப் பார்த்து ஆடுவது விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதுவது. இன்னொருவர் செய்த வியூகத்தை இறக்கிக்கொண்டு கிண்ணம் வாங்குகிறவர்களும் அதே ரகம். தோற்றதும் பழைய சேமிப்பைத் திறந்து திரும்ப ஆடுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

அமெரிக்க பேஸ்பால் விளையாட்டுகளில் அணியைக் கட்டுவதற்கு வேறொரு வழி இருக்கிறது. அங்கே தோற்ற அணிகளுக்குப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2013இல் 111 ஆட்டம் தோற்றது, 2017இல் உலகத் தொடரை வென்றது. காற்பந்தில் தோல்விக்குப் பரிசு கிடையாது. இங்கே தோற்றால் கீழே போக வேண்டும். ஆகவே இந்த வாரப் புள்ளியும் வேண்டும், மூன்று வருடத்துக்குப் பிறகான அணியும் வேண்டும். ஆட்டத்தின் ருசியே அந்த இழுபறிதான்.

நிஜத்தில் இதைச் செய்துகாட்டியவர் நம் மலேசியப் பயிற்சியாளர் கே. ராஜகோபால். 2009 சீ விளையாட்டுப் போட்டியில் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 20 வருடத்துக்குப் பிறகு தங்கம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன்களில் பலரையே தேசிய அணிக்குக் கொண்டுவந்தார். 2010 ஆசியான் வெற்றியாளர் போட்டியின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடி. இன்றைய விமர்சகர்களாக இருந்தால் அன்றைக்கே அணியைக் கலைக்கச் சொல்லியிருப்பார்கள். அதே மாதம், டிசம்பர் 26ஆம் தேதி, புக்கிட் ஜாலிலில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, இரண்டு ஆட்டக் கணக்கில் 4-2 என மலேசியா முதல் முறையாக அந்தக் கிண்ணத்தை எடுத்தது.

சரி, நீங்கள் தொடங்க நான் சொல்லும் அணி பெட்டாலிங் ஜெயா சிட்டி. பழைய பதிப்பு ஒன்றைத் தேடி எடுங்கள். மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் மிஃபா அணியாக வளர்ந்து, 2019இல் இந்தப் பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பி. மணியம் பயிற்சியில் உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து ஆடிய கிளப். அந்தப் பருவத்தோடு லீக்கை விட்டே விலகிவிட்டது. நம் ஊரில் ஆட்டத்தில் தோற்றுக் கீழே போன கிளப்புகளைவிட, காசில் தோற்றுக் காணாமல் போனவைதான் மனத்தில் நிற்கின்றன. கிளானா ஜெயாவில் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தக் கிளப் திரையிலாவது உயிரோடு இருக்க வேண்டும்.

முதல் பருவத்தில் யாரையும் வாங்காதீர்கள். ஒப்பந்தத் தேதிகளை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். எல்லாம் ஒரே மாதத்தில் முடியாதபடி பிரித்துப் போடுங்கள். மூன்றாம் பருவத்துக்குள் உங்கள் பையன் ஒருவனைக் கேட்டு ஜேடிடி கண்டிப்பாக வரும். மனசு கேட்காது, தெரியும். அவன் ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மீதி இருந்தால் நல்ல விலை பேசி விற்றுவிடுங்கள், அந்தக் காசில் மற்ற ஐந்து பேரின் ஒப்பந்தத்தை நீட்டலாம். ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால், அந்த நான்கு பத்தியை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.