குழுச் சிகிச்சை: நம் மரபுகளும் நாம் காக்கவேண்டிய தரமும்

மனப்பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கான குழுச் சிகிச்சையின் மரபுகளைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் பணித்தபோது, என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் சங்கத்தில் இருக்கிறார்களே என்றுதான் முதலில் சொன்னேன். அந்த மூத்தவர்களே என் பெயரைச் சொன்னார்கள் என்று தெரிந்தபின் மறுக்க முடியவில்லை. மொரீனோ பீக்கனில் அமைத்த மேடை, ஸ்லாவ்சன் நியூயார்க்கில் சிறுவர்களோடு நடத்திய குழுக்கள், 1947இல் பெத்தெலில் தொடங்கிய பயிற்சிக் குழுக்கள் எல்லாம் உறுப்பினர்கள் அறிந்தவை. அவற்றை மறுபடி அடுக்கப் போவதில்லை.

பிராட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவரைக் காசநோய் மருத்துவர் என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். 1905இல் பாஸ்டனில் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி, அவரவர் குறிப்பேட்டைப் பார்த்து, தேறி வருகிறவரை மற்றவர்கள் முன்னால் பாராட்டினார் என்பது தொடக்கம்தான். 1930இல் பாஸ்டன் டிஸ்பென்சரியில் அவர் தொடங்கிய வகுப்பே நமக்கு நேர் மூதாதை. உடம்பில் நோய் ஏதும் இல்லை என்று சோதித்துச் சொன்ன பிறகும் உபாதை தீராதவர்கள் அதற்கு வந்தார்கள். நெஞ்சு படபடக்கிறது, கை கால் வெலவெலக்கிறது என்று ஈ.சி.ஜி.யும் ஸ்கேனும் நிறைந்த பையோடு இன்று நம் வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்களே, அவர்கள்தான் அன்று பிராட்டின் வகுப்பிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

மொரீனோவின் உளநாடக வழியில் தேர்ந்தவர்கள் நம் சங்கத்தில் சிலரே. வாய் திறக்காத மனச்சோர்வாளர் ஒருவரை எழுந்து நின்று பேசவைக்கும் அவர்கள் திறமையைப் பார்த்து வியந்திருக்கிறேன். அதை அந்த வழியில் பயின்றவர்தான் எழுத வேண்டும்.

நம்மில் பலருக்கு வந்து சேர்ந்த மரபு பிரிந்த இடம் பர்மிங்ஹாமின் நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்கள் நிறைந்த பயிற்சிப் பிரிவில் பயோன் ஆறே வாரம்தான் இருந்தார். பிரிவுக்குள் எழும் இறுக்கத்தையே எல்லோரும் சேர்ந்து ஆராயும் பொருளாக்கினார். மேலதிகாரிகள் பொறுக்கவில்லை, அவரை மாற்றிவிட்டார்கள். அந்தச் சிந்தனை லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் வளர்ந்து 1961இல் புத்தகமாயிற்று. அதில் அவர் சொல்லும் சார்ந்திருத்தல், மோதலும் ஓட்டமும், இணைசேர்தல் என்ற மூன்று நிலைகளையும் தெரியாமல் யாரும் குழு நடத்தக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வழியில் நடத்துநர் முழுக் குழுவையும் நோக்கியே விளக்கம் சொல்வார். வீட்டிலும் அலுவலகத்திலும் தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று வந்த மனச்சோர்வாளர், இங்கேயும் தன் பெயர் சொல்லப்படாமலே திரும்பிப் போவார். டாவிஸ்டாக்கிலேயே மாலனும் அவர் சகாக்களும் பழைய நோயாளிகளைத் தேடிப்பிடித்துக் கேட்டு 1976இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் குழுவைப் பற்றி அதிருப்தியே சொன்னார்கள். தங்களுக்கு எதிரான முடிவைத் தாங்களே அச்சேற்றிய அந்த நேர்மையை நான் வணங்குகிறேன். நம்மில் எத்தனை பேர் பழைய நோயாளிகளை அழைத்துக் கேட்டிருப்போம்?

ஃபோக்ஸ் 1943இல் நார்த்ஃபீல்டுக்கு வந்தார். அதற்கு முன்பே எக்ஸெட்டரில் தன் நோயாளிகளை ஒன்றாக உட்காரவைத்துப் பார்த்திருந்தார்.  பிராங்ஃபர்ட்டில் நரம்பியலாளர் கோல்ட்ஸ்டைனிடம் வேலை பார்த்தவர் அவர். தனி நரம்பணு என்று ஒன்றில்லை, வலைப்பின்னல்தான் உண்டு என்ற பாடத்தை அங்கிருந்து கொண்டுவந்து மனிதர்களுக்குப் பொருத்தினார். பதற்றமும் சோர்வும் ஒருவருடைய மண்டைக்குள் அடைந்து கிடப்பவை அல்ல, அவர் வாழும் உறவுகளின் பின்னலில் நேர்ந்த அடைப்பு என்றார். 1957இல் அவரோடு சேர்ந்து நூல் எழுதிய ஜேம்ஸ் ஆன்டனி கல்கத்தாவில் பிறந்தவர் என்பதை இளைய உறுப்பினர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஃபோக்ஸ் 1976இல் காலமானதும் சகாக்களோடு ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தபோதுதான்.

எங்கள் ஆசிரியர், மாட்ஸ்லி மருத்துவமனையில் ஃபோக்ஸ் ஆலோசகராக இருந்த ஆண்டுகளில் அங்கே பயின்றவர். அவரைப் பற்றி இம்மலரின் தொடக்கப் பக்கங்களில் மூத்தவர்கள் எழுதியிருப்பதால், நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். சங்கீதத்தில் பாடாந்தரம் என்கிறோமே, அதுபோல அவர் நடத்தும் முறைக்கு ஒரு சுத்தம் இருந்தது.

குழு நாளன்று அரைமணி முன்னதாக வந்துவிடுவார். நாற்காலிகளை வார்டு பாய் போடக்கூடாது, அவரே போடுவார். எல்லா நாற்காலியும் ஒரே உயரம், ஒரே வகை. டாக்டருக்கென்று கைவைத்த நாற்காலி கிடையாது. நடுவில் ஒரு சிறிய முக்காலி. அன்று வரமுடியாது என்று சொல்லியனுப்பியவருக்கும் நாற்காலி உண்டு. மின்விசிறி யார் தலைக்கு மேல் சத்தம் போடுகிறது, கதவைப் பார்த்து யார் உட்கார வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் யோசிப்பார். பீதித் தாக்கு வருகிறவர் கதவருகே உட்கார விரும்பினால் சில வாரம் அப்படியே விடுவார். என்றைக்கு அவர் தானாக உள்ளே தள்ளி உட்கார்கிறாரோ அன்று கேஸ் ஷீட்டில் குறிப்பார். எட்டுப் பேர், வாரம் ஒருமுறை, தொண்ணூறு நிமிடம். முகூர்த்த நாளில் இரண்டே பேர் வந்தாலும் குழு நடக்கும். எந்த நோயாளியையும் குறைந்தது மூன்று முறை தனியாகச் சந்திக்காமல் குழுவில் சேர்த்ததில்லை. இவை சில்லறை வேலைகள் என்று நினைத்த உதவி மருத்துவர்களிடம், சிகிச்சையில் பாதி இதுதான் என்று பொறுமையாகச் சொல்வார்.

பதற்றமும் மனச்சோர்வும் ஒரே வட்டத்தில் உட்காரலாமா என்ற கேள்வியில் எங்கள் வழிக்கு உறுதியான பதில் உண்டு. கட்டாயம் உட்காரலாம். ஆனால் யாரும் தனிமரமாக நிற்கக்கூடாது: ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணைச் சேர்த்தால் அந்த வயதில் இன்னொருவரும் வேண்டும், வேலையிழந்த ஒருவரைச் சேர்த்தால், அந்த நிலை தெரிந்த இன்னொருவர் வேண்டும். அடையாளங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். மூச்சு முட்டும் பயத்தால் பஸ் ஏறமுடியாத ஓர் இளைஞர் வாராவாரம் படபடவென்று பேசித் தீர்ப்பார். எதிரே, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எழுந்திருக்கவே பிடிக்காத ஓர் அம்மா, தரையைப் பார்த்தபடி. இரண்டு மாதம் போல அப்படியே போயிற்று. ஒருநாள் இளைஞர் வரவில்லை. அந்த அம்மா காலி நாற்காலியைப் பார்த்து, “அந்தத் தம்பி எப்படி வருவான், பஸ்ஸுக்குப் பயப்படுவானே” என்றார். அதுதான் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம். அடுத்த வாரம் இதைக் கேட்ட இளைஞர் அழுதார். தன்னை ஒருவர் நினைத்திருந்தார் என்பது அவருக்கு மருந்து. தன்னால் இன்னும் ஒருவரைப் பற்றிக் கவலைப்பட முடிகிறது என்பது அந்த அம்மாவுக்கு மருந்து. நடத்துநர் அன்று ஒன்றுமே பேசவில்லை. யாலோம் 1970இல் தன் நூலில் வகுத்த குணமளிக்கும் காரணிகளில் நானும் இப்படித்தான் என்ற உணர்வும், பிறருக்கு உதவும் நிறைவும் ஏன் இருக்கின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் எனக்குத் தெரியாது.

நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலையும் ஆசிரியர் எதிர்கொண்டார். இங்கே மூன்றாவது வாரத்துக்குள் எல்லோரும் அக்கா, தம்பி, மாமா ஆகிவிடுவார்கள். அது அணைப்பு; அதே சமயம், அக்காவை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற பூட்டும்கூட. ஆசிரியர் அந்த முறைப்பெயர்களைத் தடுத்ததில்லை. ஆனால் வீட்டு அக்காவிடம் சொல்லமுடியாத எதை இந்த அக்காவிடம் சொல்ல முடிகிறது என்று கேட்பார். “டாக்டர், நீங்களே சொல்லுங்க” என்று எல்லா முகமும் தன் பக்கம் திரும்பும்போது, அவசரப்படாமல், அக்கேள்வியை யாரிடம் கேட்டிருந்தால் நல்லது என்று குழுவிடமே திருப்புவார்.

அறிவாற்றல்-நடத்தை வழியினர் என் மீது வருத்தப்படக்கூடாது என்பதற்காக அல்ல, உண்மை என்பதற்காகச் சொல்கிறேன்: தாங்கள் செய்வதை அளந்து காட்டியதில் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். லெவின்சன் ஆரெகனில் மனச்சோர்வைச் சமாளிக்கும் படிப்பாகவே வகுத்தது, பன்னிரண்டு வகுப்புகள். சமூகப் பயத்துக்கு ஹைம்பெர்க் வகுத்தது, ஆறு பேர், இரண்டு நடத்துநர்கள், பன்னிரண்டு வாரம், ஒவ்வொரு அமர்வும் இரண்டரை மணி. திரும்பத் திரும்ப மனச்சோர்வில் விழுகிறவர்களுக்கு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் எட்டு வாரக் குழுவை அமைத்தார்கள். எங்கள் வழியினர் இப்படி எண்ணி வைக்காதது குறைதான்.

என்னை மிகவும் அசைத்தது உகாண்டா. ராக்காய், மசாக்கா மாவட்டங்களில் 30 கிராமங்களில் போல்டனும் வெர்டெலியும் மற்றவர்களும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களே நடத்துநர்கள். வாரம் தொண்ணூறு நிமிடம், பதினாறு வாரம். முடிவில், குழுவில் இருந்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்கே பெரும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது; குழு நடக்காத கிராமங்களில் 54.7 சதவீதம். இதன் தொடர்ச்சியாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் கையேடே வெளியிட்டது. அக்கையேட்டிலும், குழுவுக்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திக்க வேண்டும் என்பது முதல் படி.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் தனிச் சந்திப்புக்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கிறார்கள். உகாண்டாவின் கிராமத்தில் நேரம் இருந்தது. அமிர்தசரஸில் வித்யா சாகர் 1950களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தபோதும், வேலூர் சி.எம்.சி. குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டபோதும் ஆள்பலம் இன்றைவிடக் குறைவு.

யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. இன்று உழைக்கிற பலர் நல்ல எண்ணத்தோடுதான் உழைக்கிறார்கள். சிலருடைய வேலை என்னுடையதைவிட மேல் என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் சில இடங்களில் கண்டதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. நாற்பது பேரை ஒரு மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து, மேடையில் மைக் பிடித்து, திரையில் படம் போட்டு, அதற்குக் குழுச் சிகிச்சை என்று பெயர் வைக்கிறார்கள். நேற்றுத் தற்கொலை எண்ணத்தோடு வந்தவரும் பரீட்சைப் பயத்தோடு வந்தவரும் ஒரே நுழைவுச் சீட்டில் உள்ளே வருகிறார்கள். முன்பே யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. பின்னால் யாரும் கேட்கப் போவதுமில்லை. உணர்ச்சிவசப்பட்டு ஒருவர் எல்லார் முன்னும் தன் வீட்டுக் கதையைக் கொட்டினால் கைதட்டுகிறார்கள், சில இடங்களில் செல்போனில் படமும் எடுக்கிறார்கள். சிற்றூரில் அந்தக் கதை அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அவர் எந்த டாக்டரிடமும் வாய் திறப்பாரா? சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ், திங்களன்று நடத்துநர். மேற்பார்வை என்று கேட்டால், மேற்பார்வையா, அது எதற்கு என்ற பார்வை. தான் நடத்திய அமர்வை இன்னொருவர் முன்வைத்துக் கேள்வி கேட்கவிடாதவர் தன்னையே நோயாளியிடமிருந்து மறைத்துக்கொள்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

நாற்காலியைப் பற்றி மறுபடி எழுதுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்காலியை யார் போடுவது என்ற அக்கறை போனபோதே எல்லாம் போயிற்று என்று நினைக்கிறேன். அக்கறை போனதும் நேரம் போயிற்று. ஐந்தரை என்றால் ஆறு. நேரம் போனதும் எட்டு பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு இருபத்தைந்தாயிற்று. அமர்வுக் குறிப்பு எழுதுவது நின்றது. குறிப்பு இல்லாததால் மேற்பார்வையில் பேச ஒன்றுமில்லை. மேற்பார்வை இல்லாததால் கருத்தரங்குகளில் சொந்த வேலையைப் பற்றிய கட்டுரைகள் குறைந்து, பிறருடைய வரைபடங்கள் பெருகின. கருத்தரங்குகளே பொன்னாடைக்கும் புகைப்படத்துக்கும் உரியவையாகி வருகின்றன. ஒரு தலைமுறை கட்டிய துறையை, நான்கு நாற்காலியை இழுத்துப்போடச் சோம்பி நாம் இழந்துகொண்டிருக்கிறோம். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் 2022இல்கூட, மனச்சோர்வுக்கான குழு என்றால் வழக்கமாக எட்டுப் பேர், இரண்டு நடத்துநர்கள், ஒருவராவது அதற்கென்றே பயின்றவர் என்றுதான் சொல்கிறது. எங்கள் ஆசிரியர் அதை யாரும் எழுதிக்கொடுக்காமலே செய்தார்.

சங்கத்தின் மூத்தவர்களிடம் என் விண்ணப்பம் இதுதான். குழு நடத்தும் உறுப்பினர்களுக்கென்று ஒரு பதிவேடு வேண்டும். குழுவில் சேருமுன் தனிச் சந்திப்பு, எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காமை, அமர்வுக் குறிப்பு, மாதம் ஒருமுறையாவது மேற்பார்வை ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறவர்களின் பெயர் மட்டும் அதில் ஏறட்டும். மேற்பார்வைக்கு ஆள் இல்லாத மாவட்டங்களுக்கு நாங்கள் சிலர் முறைவைத்துப் போய்வரத் தயாராக இருக்கிறோம். பயணச் செலவைச் சங்கம் ஏற்கத் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். வழிமொழிய முன்வருகிறவர்கள் அதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.