ஒரு சொல்லில் நிற்பது

திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் நடத்திய பாடத்தில் பிளவு விழுந்தது ஒரு சொல்லால் என்கிறது குருபரம்பரைக் கதை. சாந்தோக்கிய உபநிஷத்தின் 'கப்யாஸம்' குரங்கின் பின்புறமா, சூரியன் மலர்த்திய தாமரையா? ராமாநுஜர் குருவின் பொருளை ஏற்கவில்லை. கூடிப் படிப்பதன் பயன் இப்படி ஒரு சொல்லில் நின்றுவிடுவதில் இருக்கிறது.

எபிரேய வேதத்தைத் தமிழில் கூடிப் படிக்கிறவர்கள் நிற்கவேண்டிய சொல் ஒன்று உண்டு. பிரசங்கியின் புத்தகத்தில் 38 முறை வரும் 'ஹெபெல்'. மூச்சு, நீராவி என்று பொருள். காயீன் கொன்ற ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான்: இருந்தது, நிலைக்கவில்லை.

ஹென்றி பவர் திருத்திய 1871ஆம் ஆண்டு வேதாகமம் அதை 'மாயை' என்றது. உடனே வாசகன் சங்கரரிடம் போய்விடுகிறான்: உலகம் தோற்றம், ஞானத்தில் தீரும். பிரசங்கிக்கு அப்படியொரு விடுதலை கிடையாது. உண்பதும் உழைப்பதும் சாவதும் அவனுக்கு மெய்.

1995இன் பொதுமொழிபெயர்ப்பு 'வீண்' என்கிறது. வேதாந்தம் போயிற்று, கூடவே மூச்சும் போயிற்று. மூலத்தில் படிமமாக இருந்தது இங்கே தீர்ப்பாகிவிட்டது.

மூச்சு, நீராவி இரண்டையும் ஒருங்கே சொல்லும் 'ஆவி' நம்மிடம் இருந்தது. அதைப் பரிசுத்த ஆவிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 'மூச்சு' மிச்சமிருக்கிறது. அதை வைத்துப் பிரசங்கியை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கவேண்டும்.