அனுபவம் மட்டும் போதுமா? ஊடக வேலையிலிருந்து பிஎச்.டி. விண்ணப்பம் வரை

தொடர்பியலில் பிஎச்.டி. சேர நினைக்கும் நிருபருக்கோ உதவி ஆசிரியருக்கோ விளம்பர நிறுவன ஊழியருக்கோ நண்பர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: நாலு கருத்தரங்கில் கலந்துகொள், இரண்டு பேப்பர் போடு, நெட் தேர்வு எழுது, தெரிந்த பேராசிரியர் யாரையாவது போய்ப் பார். தொழில் அனுபவம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதன்மேல் சான்றிதழ்களையும் அடுக்கிவிட்டால் விண்ணப்பம் வலுத்துவிடும் என்பது நம்பிக்கை. இதில் எது தேறும், எது தேறாது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்துறை விண்ணப்பதாரருக்குத் தொழில் அனுபவத்தைவிடப் பெரிய பலம் வேறு இல்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து ஓர் ஆய்வுக் கேள்வியைப் பிரித்தெடுப்பது கடினமான வேலை. அதைத் தள்ளிப்போடத்தான் பலரும் சான்றிதழ் சேர்க்கிறார்கள்.

வாசலில் நிற்கும் விதிகள்

2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறை, வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர ஆய்வை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. ஆனால் நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றில் மூன்று உறுதிகள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு; ஆய்வுக்கு நேரம் ஒதுக்க அலுவல் இடம்தரும்; தேவைப்பட்டால் பாட வகுப்புகளுக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். மனிதவளப் பிரிவு தரும் ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதம் இதற்குப் போதாது. இரவுப் பணியும் தேர்தல் காலமும் மாறிமாறி வரும் செய்தி அறையில் மூன்றாவது உறுதியை எழுத்தில் வாங்குவதே பெரிய காரியம். தொலைநிலைக் கல்வியாகவோ ஆன்லைனிலோ பிஎச்.டி. படிக்கவும் வழியில்லை.

அடுத்து மதிப்பெண் கணக்கு. 2024 ஜூன் முதல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வையே பிஎச்.டி. நுழைவுத் தேர்வாகவும் கொள்ளலாம் என்று யுஜிசி வழிசெய்தது. அப்படிச் சேர்க்கும்போது, உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தகுதி பெறாதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடை. பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தினால் கேள்விகளில் பாதி ஆய்வு முறையியலிலிருந்து வரும். இந்தக் கணக்கில் அனுபவத்துக்கென்று தனிப் பத்தி கிடையாது. பதினைந்து ஆண்டு களப்பணி பேச வேண்டியதெல்லாம் அந்த 30 விழுக்காட்டுக்குள், நேர்காணல் நடக்கும் சில நிமிடங்களுக்குள்தான்.

ஜே.ஆர்.எஃப். பெறப் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் பெரும்பாலான இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. ஆனால் தொழிலில் கனிந்து 36 வயதில் வருபவருக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியிருக்கும். இன்னொரு சிக்கல், தொழிலுக்குள் வந்த வழி. சென்னையின் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தருவது முதுநிலை டிப்ளமோ, டெல்லி ஐ.ஐ.எம்.சி.யும் 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகும்வரை டிப்ளமோவே தந்தது. வேலைக்கு இவை மதிப்புள்ளவை. ஆனால் பிஎச்.டி. தகுதிக்குப் பொதுவாக முதுகலைப் பட்டமும் அதில் 55 விழுக்காடும் தேவை. இதை விண்ணப்பிக்கும் ஆண்டில் கண்டுபிடிப்பவர் இரண்டு ஆண்டை இழக்கிறார். தயாரிப்பின் முதல் படி அவரவர் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்ப்பதுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வாசல் வேறு மாதிரி. அங்கே நோக்க அறிக்கை, எழுத்து மாதிரி, பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றின் மீது முடிவு நிற்கிறது, ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைப் பல துறைகள் கட்டாயமாகக் கேட்பதில்லை. அனுபவத்தை எழுதிக் காட்ட இடம் உண்டு. அதே அளவுக்கு, படிக்காமல் எழுதினால் மாட்டிக்கொள்ளவும் இடம் உண்டு.

தொழில் தரும் பலம்

இத்துறையின் அடிப்படை ஆய்வுகள் சிலவற்றைச் செய்தவர்கள் முன்னாள் பத்திரிகையாளர்கள். சிகாகோ சமூகவியலின் முன்னோடி ராபர்ட் பார்க் பத்தாண்டுக்கும் மேல் நிருபராக இருந்துவிட்டு, ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் பெற்றது 1904இல், நாற்பதாம் வயதில். ஆசிரியர் குழுவின் கொள்கையை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே புது நிருபர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்று 1955இல் எழுதிய வாரன் பிரீடும் செய்தி அறையில் வேலை பார்த்தவர். மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ் நியூ ஆர்லியன்ஸில் நிருபராக இருந்தவர். ஒரு செய்திக்கு முதல் பக்கத்தில் கிடைக்கும் இடம் அதன் தாக்கத்தைக் கூட்டுமா குறைக்குமா என்ற, எந்த டெஸ்க்கிலும் தினமும் எழும் கேள்வியை அவரும் டொனால்டு ஷாவும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் நகரில் 100 வாக்காளர்களிடம் சோதித்தார்கள். 1972இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்துதான் ‘அஜெண்டா செட்டிங்’ கோட்பாடு வளர்ந்தது.

இவர்களிடம் இருந்தது வெறும் அனுபவமில்லை. உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரியும் ஒரு முடிச்சைப் பிடித்தார்கள். வெளியில் இருப்பவரும் சரிபார்க்கும் விதத்தில் அதை அவிழ்த்தார்கள். வேலையில் இருப்பவருக்கு முதல் பாதி இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. எந்தச் செய்தி எந்த நேரத்துக்கு நிற்கும், எந்த விளம்பரதாரர் பெயர் வந்தால் டெஸ்க் தயங்கும், டி.ஆர்.பி. எண் வரும் வியாழக்கிழமை அலுவலகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் கல்லூரியிலிருந்து நேரே ஆய்வுக்கு வரும் மாணவருக்குத் தெரிய ஆண்டுகள் பிடிக்கும். ஆட்களை அணுகுவதும் வேலையில் இருப்பவருக்குச் சுலபம். ஆய்வு மாணவர் மூன்று மாதம் காத்திருந்து வாங்கும் பேட்டியை இவர் ஒரு போனில் வாங்கிவிடுவார்.

பலம் எங்கே பலவீனமாகிறது

சிக்கல் இரண்டாம் பாதியில். செய்தித் தொழில் நம்மை விடையோடு வரச் சொல்லிப் பழக்கியிருக்கிறது. தலைப்புக்கு ஒரு நிச்சயம் வேண்டும். இரவு பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு எழுதப்படும் ஆய்வுத் திட்டம் முதல் பக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: ‘கார்ப்பரேட் முதலாளிகளால் ஊடகச் சுதந்திரம் அழிந்துவிட்டது என்பதை இந்த ஆய்வு நிறுவும்.’ விடை முன்பே தெரிந்துவிட்டால் மூன்று முதல் ஆறு ஆண்டு ஆய்வு எதற்கு என்றுதான் நேர்காணல் குழு கேட்கும். இருபது ஆண்டு அனுபவம் என்று பதில் சொன்னால், அது சாட்சியம். சான்று எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

இந்தக் குறையை மறைக்கத்தான் பேப்பர் போடுவது வருகிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2016 ஒழுங்குமுறையின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயம். ஆசிரியர் பணி உயர்வுக்கும் கட்டுரைகளுக்குப் புள்ளி. இந்தத் தேவையைச் சுற்றிக் காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் ஆய்விதழ்கள் பெருகின. 2018 மே மாதம் யுஜிசியே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. 2022இல் அந்தக் கட்டாயமும் போனது. பழைய பட்டியலுக்குப் பதிலாக வந்திருந்த ‘கேர்’ ஆய்விதழ்ப் பட்டியலையும் 2025இல் யுஜிசி கைவிட்டது. காரணம் போன பிறகும் பழக்கம் நிற்கிறது: பிஎச்.டி.யில் சேரும் முன்பே இரண்டு பேப்பர் வேண்டும் என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

பணம் கட்டி, மதிப்பாய்வு இல்லாமல், ஒரு வாரத்தில் வெளியான கட்டுரையை விவரம் தெரிந்த பேராசிரியர் இதழின் பெயரைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுவிடுவார். எதுவும் இல்லாத விண்ணப்பத்தைவிட அது மோசம். ஆய்வு என்றால் என்னவென்று இவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அச்சில் வந்த ஆதாரம் ஆகிவிடுகிறது. கருத்தரங்கும் அப்படித்தான். ஓர் அமர்வில் பதினைந்து பேர், ஆளுக்கு ஏழு நிமிடம், கேள்விக்கு நேரமில்லை, மேடையேறிக் குழுப் புகைப்படம், உறையில் சான்றிதழ் என்று முடியும் கூட்டத்தால் சுயவிவரக் குறிப்பில் ஒரு வரி கூடும். யாராவது எழுந்து உங்கள் மாதிரித் தேர்வு தவறு என்று சொல்லும் கூட்டம் விண்ணப்பத்தையே மாற்றும். கருத்தரங்கே வேண்டாம் என்பது என் வாதமில்லை. எதிர்க்கேள்வி வராத இடத்துக்குப் போய்ப் பயனில்லை.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே மயக்கம் இருக்கிறது. பெரிய பத்திரிகை ஆசிரியரின் கையெழுத்து கிடைத்தால் பெருமைதான். ஆனால் அவர் எழுதப்போவது ‘பொறுப்பானவர், நேரம் தவறாதவர், நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர்’ என்றுதான். இவரால் ஆய்வு செய்ய முடியுமா என்பதைச் சொல்லத் தகுதியானவர் இவருடைய ஆய்வு எழுத்தைப் படித்தவர் மட்டுமே. முதுகலை வகுப்பு ஆசிரியரிடம் பத்தாண்டு கழித்துத் திடீரென்று கடிதம் கேட்பதைவிட, ஓராண்டு முன்பே பத்துப் பக்க வரைவை அனுப்பித் திருத்தம் கேட்பது உருப்படியான வழி.

ஒரு தலைப்பு எப்படித் திருந்துகிறது

தாலுகா நிருபர் ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதும் தலைப்பு: ‘கிராமப்புற வளர்ச்சியில் தமிழ் நாளிதழ்களின் பங்கு – ஓர் ஆய்வு.’ இதில் இடம் இல்லை, காலம் இல்லை, எதை எண்ணப் போகிறார் என்பதும் இல்லை. அவருக்கு மட்டும் தெரிந்தது எதுவும் இல்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய குறை.

அவருக்குத் தெரிந்தது வேறு. காலிக் குடங்களோடு சாலை மறியல் என்று அவர் அனுப்பும் செய்தி சில நாள் மாவட்டப் பக்கத்தில் வருகிறது, சில நாள் வருவதில்லை. செய்தி அனுப்பும் அதே நிருபர்தான் ஆண்டு மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். இதிலிருந்து பிறக்கும் கேள்வி: ஒரு மாவட்டத்தில், ஓர் ஆண்டில், குடிநீர்ப் பிரச்சினை பற்றித் தாலுகா நிருபர்கள் அனுப்பியவற்றில் எவை அச்சாயின, எவை நின்றன, விளம்பரப் பொறுப்பும் உள்ள நிருபர் எதை அனுப்புவதையே தவிர்க்கிறார்? இப்போது அவருடைய அனுபவம் வேலை செய்கிறது. 1950இல் வெளியான டேவிட் மானிங் ஒயிட்டின் ‘கேட்கீப்பர்’ ஆய்வு, ஒரு செய்தி ஆசிரியர் ஒரு வாரத்தில் ஒதுக்கிய தந்திச் செய்திகளையும் அவர் சொன்ன காரணங்களையும் எடுத்துப் பார்த்தது. அதைப் படித்துவிட்டு, அங்கே அறைக்குள் நடந்த தணிக்கை இங்கே களத்திலேயே நடக்கிறதா என்று கேட்டால், விண்ணப்பம் உலக அளவிலான விவாதத்தில் வந்து சேர்ந்துவிடும்.

வேலையை விடாமலே இதற்கு ஒரு முன்னோட்டம் செய்யலாம். இரண்டு மாத மாவட்டப் பக்கங்களை எடுத்து, எதை எந்த வகையில் சேர்ப்பது என்று ஒரு குறியீட்டுத் தாள் தயாரித்து, அதே பக்கங்களை இன்னொருவரிடமும் தந்து தனியாகக் குறிக்கச் சொல்ல வேண்டும். இருவரும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்தாலே உள்ளடக்கப் பகுப்பாய்வின் பாதிப் பாடம் புரிந்துவிடும். அதை எழுதிய பன்னிரண்டு பக்கம் எந்தச் சான்றிதழையும்விடக் கனமான எழுத்து மாதிரி. ஓர் எச்சரிக்கையும் உண்டு. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தவை கைவசம் இருப்பதாலேயே அவை ஆய்வுத் தரவு ஆகிவிடாது. நிறுவனத்தின் அனுமதியும் சக நிருபர்களின் சம்மதமும் இல்லாமல் எடுத்தால் ஆய்வும் கெடும், வேலையும் போகும்.

ஆக, எதை முதலில் செய்வது? இந்தியாவில் சேர நினைப்பவர் நெட் அல்லது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைத் தவிர்க்க முடியாது. அதன் குறைகளைப் பேசிக்கொண்டே அதற்குப் படிக்கத்தான் வேண்டும். அதற்கு அடுத்த இடம் ஒரு கேள்விக்கும், ஒரு முறையியலில் பெற்ற பழக்கத்துக்கும், ஒரு நல்ல எழுத்து மாதிரிக்கும். தரமான ஒரு கருத்தரங்கு பிறகு போதும். பணம் கட்டிப் போடும் பேப்பரை விட்டுவிடலாம். அந்தப் பணத்துக்கு முறையியல் நூல்கள் வாங்கலாம்.

பல்கலைக்கழகங்களின் பங்கும் இதில் உண்டு. கொள்குறி வினாக்களுக்கு 70 விழுக்காடு தந்துவிட்டு, தொழிலிலிருந்து நல்ல ஆய்வாளர்கள் வருவதில்லை என்று வருந்துவது நியாயமில்லை. விண்ணப்பத்தோடு பத்துப் பக்க எழுத்து மாதிரி ஒன்றைக் கட்டாயமாக்கி, நேர்காணலுக்கு முன் குழு அதைப் படித்துவிட்டு வந்தால் போதும். சான்றிதழ்ச் சந்தை பாதியாவது படுத்துவிடும். அதுவரை, எழுத்து மாதிரியை யாரும் கேட்காவிட்டாலும் எழுதி வைத்துக்கொள்பவர்தான் நேர்காணலில் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறார்.