கும்பகோணத்தில் வேளையறிந்து உண்பது

கும்பகோணத்திற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில்களைத் தரிசிக்கவே வருகிறார்கள். தரிசித்துக் களைத்துப் போனபின், எதிர்ப்பட்ட ஹோட்டலில் நுழைந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். கும்பேசுவரர் சந்நிதியிலும் சார்ங்கபாணி சந்நிதியிலும் அத்தனை நிதானமாக நிற்கத் தெரிந்தவர்களுக்கு, அக்கோயில்களைச் சுற்றிய பழைய வீதிகளில் உள்ளூர்க் குடும்பங்களின் பொறுப்பில் நடந்துவரும் காபி ஹோட்டல்களையும் அதே நிதானத்தோடு அணுகலாம் என்பது ஏனோ தோன்றுவதில்லை. என் அபிப்பிராயத்தில் இது பெரிய நஷ்டம்.

ரசிக்க விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது வேளை. விடியற்காலையில் காவிரியில் நீராடி ஈர வேஷ்டியோடு திரும்புகிறவருக்கும், பித்தளைப் பாத்திரக் கடை திறக்கப் போகிறவருக்கும், முதல் பஸ்ஸில் வந்திறங்கும் கிராமத்தாருக்கும் உணவிடுவதற்காக ஏற்பட்ட அடுப்புகள் இவை. ஆகையால் ஊரின் நித்திய கிரமமே இவற்றின் கிரமமும் ஆகும். கும்பேசுவரர் கோயிலையொட்டி, அம்பாளின் திருநாமத்தையே தாங்கி, நூறாண்டு கடந்து நிற்கும் மங்களாம்பிகா விலாஸ் காபி ஹோட்டலில் அதிகாலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு பரிமாறுகிறவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை, வேறொரு சிறிய ஹோட்டலில் உட்கார்ந்து இட்டிலிக்குக் கடப்பா கேட்டேன். “அது ஞாயித்துக்கிழமை சமாசாரம் சார். இப்போ ரவா தோசை சூடா வருது, அதைச் சாப்பிடுங்க” என்றார். சாப்பிட்டேன், அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அன்றுமுதல் எந்த ஹோட்டலிலும் விலைப்பலகையைப் பார்க்கும் முன் “இப்போது என்ன சூடாக இருக்கிறது?” என்று கேட்பதை வழக்கமாக்கிக் கொண்டேன்.

கடப்பாவுக்காக ஒரு ஞாயிறன்று மீண்டும் போனேன். (இன்று மற்ற நாட்களிலும் அதைச் செய்கிற இடங்கள் உண்டு.) வெந்து உதிர்ந்த உருளைக்கிழங்கும் குழைந்த பாசிப்பருப்பும், தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா ஆகியவற்றை அரைத்த விழுதோடு சேர்ந்து கொதித்து, வெளிர்நிறமாக இலையில் வந்து விழும்போது, அது சாம்பாரைப்போல் ஓடுவதுமில்லை, மசியலைப்போல் நிற்பதுமில்லை, இட்டிலியின் ஓரத்தைத் தொட்டு மெல்லப் பரவுகிறது. அவசரப்பட்டுத் தொட்டுக்கொள்ளாமல், இட்டிலியை விண்டு, அதன்மேல் ஊற்றச் செய்து, அரை நிமிஷம் ஊற விட்டு உண்ண வேண்டும். முதலில் தேங்காயின் இனிமையும், பின்னால் மிளகாயின் காரமும், விழுங்கிய பிறகு சோம்பின் வாசனையும் என்று அது ஒன்றன்பின் ஒன்றாகத் தன்னை வெளிப்படுத்துகிறது.

இனி, இவ்வூரின் டிகிரி காபி. நீர் கலவாததென்று பால்மானியால் சோதித்துத் தேறிய பாலே டிகிரிப் பால் எனப்பட்டது என்பர் சிலர். முதல் டிகாஷனையே ‘டிகிரி’ என்ற சொல் குறித்தது என்பர் வேறு சிலர். இன்று நெடுஞ்சாலையெங்கும் இவ்வூர்ப் பெயரில் டிகிரி காபிப் பலகைகள் தொங்குகின்றன. பித்தளை டபராவும் டம்ளரும் மட்டும் ருசியைக் கொடுத்துவிடா. அப்போது இறங்கிய டிகாஷனும், மறுமுறை காய்ச்சப்படாத பாலும் சேர வேண்டும். டம்ளரை விளிம்பில் பிடித்து, டபராவில் இரண்டு முறைக்குமேல் ஆற்றாமல், நுரை அடங்குமுன் முதல் வாய் அருந்துங்கள். சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னால், சிக்கரியின் கனத்த கசப்புக்கு அடியில் கொட்டையின் மணம் தனியாகத் தெரியும்.

12 ஆண்டுகளுக்கொருமுறை வரும் மகாமகத் திருவிழாக் கூட்டத்தில் இந்த ஆராய்ச்சி வேண்டாம். சாதாரண நாளே உத்தமம்.

கடைசியாக, கல்லாவுக்கு வரும்போது பேசாமல் பணத்தை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்லாவில் இருந்த முதலாளி சில்லறையை எண்ணிக்கொண்டே, “கடப்பா எப்படி இருந்தது?” என்று கேட்டார். உப்பு ஒரு கல் குறைவு என்று மனத்தில் பட்டதைச் சொன்னேன். அவர் சில்லறையை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து சமையற்கட்டுக்குள் போனார். ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, “ஆமாம்” என்று தலையசைத்தபடி உப்பு ஜாடியை நோக்கிக் கை நீட்டினார்.